பட்டங்களுக்குக் கீழே ஓர் ஊர்

வட இத்தாலியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ரெஷ்ஷன் ஏரி. வடக்கு முனையில் ரெஷ்ஷன் கிராமம், தெற்கு முனையில் சங்க்ட் வாலண்டின். நடுவே 6 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர். வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டோம். சுற்றுப்பாதை 15 கிலோமீட்டர்தான்.

கிழக்குக் கரையில் க்ரவுன் என்ற ஊர். அங்கே தண்ணீருக்குள் ஒரு தேவாலய மணிக்கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சாம்பல் நிறக் கல், மேலே கூம்புக் கூரை, வரிசையாக வளைவு ஜன்னல்கள். அவற்றின் வழியே அந்தப் பக்கத்து மலை தெரிகிறது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன். அப்புறம் கேமராவை உள்ளே வைத்துவிட்டேன்.

இங்கே முன்பு இயற்கை ஏரிகள் தனித்தனியாக இருந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பகுதி ஆஸ்திரியாவின் கையிலிருந்து இத்தாலிக்குப் போனது. மின்சாரத்துக்காக அணை கட்டி நீர்மட்டத்தை 5 மீட்டர் உயர்த்துவதாகத்தான் முதலில் பேச்சு. 1939இல் மோன்டெகாட்டினி நிறுவனம் அதை 22 மீட்டர் ஆக்கியது. பங்குத்தந்தை ஆல்ஃபிரெட் ரீப்பர் போப்பாண்டவர் வரை போய் முறையிட்டார். பலிக்கவில்லை. 1950இல் பழைய க்ரவுன் உட்பட 163 வீடுகள் தண்ணீருக்குள் போயின. கூடவே 523 ஹெக்டேர் நிலம். எனக்கு வீடுகளைவிட இந்த நிலக் கணக்குதான் நெஞ்சை அடைத்தது. வீட்டை மேட்டில் மறுபடி கட்டிக்கொள்ளலாம், கட்டியும் கொடுத்தார்கள். மாட்டை நம்பிப் பிழைத்தவர்கள் புல்வெளிக்கு எங்கே போவார்கள்? பல குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டன. பழஞ்சின்னம் என்பதால் கோபுரம் மட்டும் தப்பியது. அதன் மணிகளை முன்பே இறக்கிவிட்டார்கள்.

மதியம் காற்று பிடித்தது. இந்தக் கணவாயில் காற்றுக்குக் குறைவே இல்லை. பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் செய்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேலேயும் பட்டம் விடுவார்களாம். கோபுரத்துக்கு நடந்தே போய்த் தொடலாமாம். எதிர்க்கரையில் சாலை இரைச்சல் இல்லை, சைக்கிள் மிதிக்கச் சுகமாக இருந்தது.

க்ரவுனில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவின் பிறந்தகம் மூழ்கிப்போன அந்தப் பழைய ஊர். அன்று சாயங்காலம் திண்ணையில் நின்று ஏரியைக் காட்டினார். "அந்தச் சிவப்புப் பட்டம் தெரியுதா? அதுக்கு நேர் கீழேதான் எங்க அம்மா வீட்டு மாட்டுத்தொழுவம்" என்றார்.