உதை எங்கே போகிறது? ரைஃபிள் ஸ்லெட் வாங்குவதும் வைத்துச் சுடுவதும்

நின்று சுடும்போது உடம்பு முழுவதும் பின்னால் வளைந்து கொடுத்து, ரைஃபிள் பின்னால் தள்ளும் உதையை வாங்கிக்கொள்ளும். மேசை முன் குனிந்து உட்கார்ந்தால் அந்த வளைவுக்கு வழியில்லை. தோள் மட்டுமே தாங்க வேண்டும். பெரிய தோட்டாவில் பத்துப் பதினைந்து சுட்டதும், ட்ரிக்கரை அழுத்தும் கணத்தில் கண் தானாக மூடும், தோள் முன்னால் முட்டும். அதற்கப்புறம் தாளில் விழும் ஓட்டைகள் ரைஃபிளைப் பற்றி எதுவும் சொல்லாது, சுடுபவரின் பயத்தை மட்டுமே காட்டும். உதை தாங்கும் ரெஸ்ட், அதாவது ரைஃபிளை ஏந்தும் சட்டம், வந்தது இதற்காகத்தான். கால்ட்வெல் நிறுவனத்தின் 'லெட் ஸ்லெட்' என்ற பெயர் இந்த வகை முழுவதற்கும் புழக்கத்தில் வந்துவிட்டதால், இங்கே சுருக்கமாக ஸ்லெட் என்றே சொல்கிறேன்.

அமைப்பு எளிது. எஃகுச் சட்டம் ஒன்று. முன்னால் முன்கட்டையை (குழலுக்கு அடியில் உள்ள கட்டையை) ஏந்தும் தொட்டில், அதை ஏற்றி இறக்கத் திருகுச் சக்கரம். பின்னால் பட், அதாவது தோளில் பதியும் பின்முனை, உட்காரும் தொட்டில், அதன் முதுகுப்பக்கம் ரப்பர் அல்லது நுரைத் திண்டு. நடுவில் பாரம் வைக்கும் தட்டு, அடியில் ரப்பர் கால்கள். பட் திண்டைத் தள்ளும், திண்டு சட்டத்தையும் பாரத்தையும் தள்ளும், மிச்சம் இருப்பது தோளுக்கு வரும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது பாரத்தைத்தான். தட்டில் இடம் இருக்கிறதே என்று நான்கு பை ஈயக்குண்டையும் ஏற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்கோப்போடு 3.6 கிலோ எடையுள்ள .30-06 (பெரிய தோட்டா ரகம்) ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம் குண்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் போகிறது. 3.6 கிராம் வெடிமருந்து எரிந்து வாயுவாகி அதையும் விட வேகமாக வெளியேறுகிறது; வாயுவின் வேகத்தைக் குண்டின் வேகத்தைப் போல 1.75 மடங்கு என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். இரண்டின் உந்தத்தையும் கூட்டி ரைஃபிளின் எடையால் வகுத்தால், ரைஃபிள் நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் பின்னால் வரும். ஆற்றல் சுமார் 30 ஜூல். ஒப்பிட்டுப் பார்க்க, சிறிய தோட்டா சுடும் சாதாரண .223 ரைஃபிளில் இது 6 ஜூல் அளவுதான்.

இந்த .30-06 ரைஃபிளை 7 கிலோ எடையுள்ள வெறும் ஸ்லெட்டில் வைத்தால், எல்லாம் சேர்ந்து நகரும்போது மிஞ்சுவது 10 ஜூல். 11.3 கிலோ ஈயப்பை ஒன்றை வைத்தால் 5 ஜூல். நான்கு பை வைத்தால் 2 ஜூல். முதல் பை வைத்ததுமே .30-06 ரைஃபிளின் உதை .223 அளவுக்குக் கீழே வந்துவிட்டது. அடுத்த மூன்று பைகளும், அதாவது 34 கிலோவும் சேர்ந்து குறைத்தது வெறும் 3 ஜூல். தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் மீதி எங்கே போனது? ஒரு பை வைத்தபோது 30-இல் 25 ஜூல் காணாமல் போகவில்லை. திண்டு அமுங்குவதிலும் ஸ்டாக் (ரைஃபிளின் கட்டை) வளைவதிலும்தான் அது செலவாகிறது. தோளில் வைத்துச் சுட்டால் ரைஃபிள் சுமார் 5 செ.மீ. பின்வாங்கி நிற்கும், சராசரி விசை 600 நியூட்டன். ஸ்லெட்டின் திண்டு ஒரு செ.மீ. மட்டுமே அமுங்கினால் ஸ்டாக்கில் இறங்கும் விசை 2,500 நியூட்டன். அதே திண்டு 2.5 செ.மீ. அமுங்கினால் 1,000. ஸ்டாக் பிளப்பதும், ஸ்கோப்பின் உள்ளே ரெட்டிக்கிள் (குறிபார்க்கும் குறுக்குக்கோடுகள்) நகர்வதும், ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கின் திருகு தளர்வதும் இந்த விசையால்தான். ஆக, திண்டின் தடிமனையும் மென்மையையும் பார்த்துவிட்டுத்தான் பாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன: எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும், திண்டைப் பற்றி ஒரு வரி இருக்காது.

வாங்கும்போது முதலில் கட்டைவிரலால் திண்டை அழுத்திப் பாருங்கள். அரை அங்குலக் கெட்டி ரப்பர் என்றால் மேலே தனியாக நல்ல ஜெல் பேட் ஒன்று போட்டுத்தான் ஆக வேண்டும். அடுத்து, பின்தொட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அங்கே ஒரு மி.மீ. ஆட்டம் இருந்தால் 100 மீட்டர் தாளில் பல செ.மீ. ஆகத் தெரியும். நீளம் மாற்ற வசதியாக இரண்டு துண்டாக வரும் சட்டங்களில் இணைப்புதான் பலவீனமான இடம். ஒரே துண்டாக வெல்டிங் செய்த சட்டம் எடுத்துப்போகச் சிரமம், ஆனால் அசையாது. மேகசின் நீட்டிக்கொண்டிருக்கும் ரைஃபிள் என்றால் நடுக்குழாய்க்கும் மேகசினின் அடிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஏ.ஆர்.-15 போன்ற அரைத்தானியங்கி ரகத்தின் 30 தோட்டா மேகசின் பல ஸ்லெட்களில் இடிக்கும். ஏற்ற இறக்கச் சக்கரத்தின் மரை நுண்ணியதாக இருக்கட்டும். கால் சுற்றுக்கே குறி தாளைத் தாண்டி ஓடினால் சுடுவது எரிச்சல்.

ரைஃபிள் உட்காரும் வண்டியே தண்டவாளத்தில் பின்னால் வழுக்கி, ஸ்பிரிங்கோ ஹைட்ராலிக் டேம்பரோ அதை நிறுத்தும் வகையும் உண்டு. விலை கூடுதல், பராமரிப்பும் உண்டு. ஆனால் ரைஃபிள் பல செ.மீ. நகர்ந்து நிற்பதால் ஸ்டாக்குக்கு அது எவ்வளவோ மேல். .375 எச் அண்ட் எச், .458 போன்றவற்றை அடிக்கடி சுடுபவர் வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்லெட்டில் ஏற்றவே கூடாத துப்பாக்கிகளும் இருக்கின்றன. ஸ்டாக் இரண்டு துண்டாக உள்ளவை, அதாவது லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்கள், லீ-என்ஃபீல்டு, பழைய இரட்டைக்குழல்கள், கழுத்து மெலிந்த பழங்காலத்து மரக்கட்டைகள். இரட்டைக்குழல் ரைஃபிளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனிதத் தோளில் அது எழும்பித் திரும்பும் விதத்தைக் கணக்கில் வைத்துத்தான் இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் அடிக்கும்படி சேர்க்கப்பட்டிருக்கும்; ஸ்லெட்டில் அந்த அசைவு இல்லாததால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் அடிக்கும். இனர்ஷியா முறையில் இயங்கும் அரைத்தானியங்கி ஷாட்கன்கள் பின்னால் நகர்ந்தால்தான் அடுத்த தோட்டாவை ஏற்றும், பாரமான ஸ்லெட்டில் சிக்கி நிற்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளைத் தளர்வாகப் பிடித்தால்தான் குறி நிற்கும் என்பதால் அதற்கும் ஸ்லெட் ஆகாது.

மற்றவற்றையும் ஏற்றும் முன் இரண்டு நிமிடம் செலவழிக்கலாம். ஆக்‌ஷன் திருகுகளை (குழலும் போல்ட்டும் சேர்ந்த உலோகப் பாகத்தைக் கட்டையோடு இறுக்குபவை) டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) சரிபாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவே முதல் விதி. பொதுவாக வெறும் மரக்கட்டையில் 4 முதல் 5, திருகு போகும் துளையில் அலுமினியத் தூண் வைத்ததில் சுமார் 7 நியூட்டன் மீட்டர். ஸ்கோப் ரிங் மூடித் திருகுகள் 1.7 முதல் 2.3 வரை. பிறகு ஆக்‌ஷனின் வால், அதாவது டாங், மரத்தைப் பின்னால் தொடுகிறதா என்று பாருங்கள். அங்கே தாள் நுழையும் அளவு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் உதை ரீகாயில் லக்கில் (உதையைக் கட்டைக்குக் கடத்தும் உலோகப் புடைப்பில்) நிற்காமல், டாங் ஆப்பு போல மரத்துக்குள் இறங்கிக் கழுத்தைப் பிளக்கும்.

மேசை கனமாக, ஆடாமல் இருக்க வேண்டும். ஸ்லெட்டை மேசையோடு கிளாம்ப் போட்டுக் கட்டுவதோ, பின்கால்களுக்கு முட்டுக் கொடுப்பதோ கூடாது. அப்படிச் செய்தால் ஸ்லெட் நகராது, மேசையின் எடையும் பாரத்தோடு சேர்ந்துகொள்ளும். மேலே சொன்ன ஒரு பைக் கணக்கில், ரப்பர் கால்கள் மரமேசையில் தோராயமாக 4 செ.மீ. வழுக்கும். அது வழுக்கட்டும். பின்னால் ஒரு சாண் காலி இடம் விடுங்கள். கால்கள் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் தள்ளிவைத்துச் சுடுங்கள்.

பாரத்தைத் தட்டின் முன்பக்கமாக வையுங்கள். குழலின் அச்சு ஸ்லெட்டின் எடைமையத்துக்கு மேலே இருப்பதால், சுடும்போது முன்பகுதி எழும்பப் பார்க்கும்; பின்பக்கம் பாரம் வைத்தால் குதிக்கும். ஈயக்குண்டு ஒரு லிட்டருக்கு ஏழு கிலோவை ஒட்டி வரும், மணல் ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கிலோ. மணல் வைத்தால் பை பருத்து நிற்கும், அதைத் தவிர குறையில்லை. உடற்பயிற்சித் தட்டுகளும் வைக்கலாம், ஆனால் கட்டாமல் விட்டால் கடகடவென்று ஆடும். ஈயப்பையில் கிழிசல் இருந்தால் தூக்கிப்போடுங்கள். தொட்ட கையோடு எதையும் சாப்பிட வேண்டாம்.

பாரத்தின் அளவுக்கு என் வழிமுறை இது: .223, .243 போன்றவற்றுக்கு ஒன்றும் வேண்டாம். .308, .30-06 ரகத்துக்கு வெறும் ஸ்லெட்டில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் ஒரு பை. .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு ஒரு பை. அதற்கு மேலே போனால் இரண்டு, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி ரைஃபிள். தோட்டா இல்லை, போல்ட் திறந்திருக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டு ஏற்றுங்கள். முன்தொட்டில் முன்கட்டையின் நடுவை ஏந்த வேண்டும். ஸ்லிங் மாட்டும் ஸ்டட் தொட்டிலுக்கு முன்னால் குறைந்தது 5 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; பின்வாங்கும்போது அது தொட்டிலில் இடித்தால் குண்டுகள் தாளில் மேலும் கீழுமாக வரிசை கட்டும். குழல் எங்கேயும் தொடக் கூடாது. பட் முழுவதும் திண்டோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒரு விரல் இடைவெளி விட்டாலும், ரைஃபிள் முழு வேகத்தோடு வந்து திண்டில் மோதும். ஸ்டாக்கைக் கொல்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. வார்ப்பட்டையால் இறுக்கும் வசதி இருந்தால் ரைஃபிள் விலகாத அளவுக்கு மட்டும்.

பின்தொட்டிலின் தடிமனால் உங்கள் தோள் வழக்கத்தைவிடச் சில செ.மீ. பின்னால் போய்விடும். ஸ்கோப்பில் முழுப் படம் கிடைக்கவில்லை என்று கழுத்தை நீட்டாதீர்கள். ஸ்லெட் வழுக்கும் அந்த 4 செ.மீ. நேராகப் புருவத்துக்குத்தான் வரும். நாற்காலியின் உயரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். தோள் தொட்டிலின் பின்புறத்தை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில். ரெட்டிக்கிள் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று தடவை வெறுமனே ட்ரிக்கரை அழுத்தி, குறி அசைகிறதா என்று கவனித்துவிட்டுத் தோட்டா போடுங்கள். காதுக்கு அடைப்பானும் அதன்மேல் மஃப்பும் சேர்த்துப் போடுவது நல்லது. பயத்தில் பாதி சத்தத்தால் வருவது. உதையைக் குறைத்துவிட்டுச் சத்தத்தை விட்டுவைத்தால் கண் சிமிட்டல் போகாது.

முதலில் 25 மீட்டரில் ஒன்றிரண்டு சுட்டு நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு 100 மீட்டருக்குப் போகலாம். மும்மூன்றாகச் சுட்டு, நடுவில் குழல் ஆற விடுங்கள். எம்.ஓ.ஏ.வும் மில்லும் ஸ்கோப்பின் டயலில் வரும் கோண அளவுகள். கால் எம்.ஓ.ஏ. டயல் என்றால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மி.மீ., 0.1 மில் என்றால் 10 மி.மீ. ஓட்டைகள் செங்குத்தாகப் பரவினால் ஸ்டட்டையும், பட் ஒட்டியிருப்பதையும், ஸ்லெட் ஒருமுறை வழுக்கி ஒருமுறை ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பெயிண்ட் அடித்த மேசையில் இந்தக் கடைசிக் கோளாறு அடிக்கடி வரும். காலுக்கடியில் பழைய கம்பளத் துண்டு ஒன்றைப் போட்டால் தீரும். கிடைமட்டமாகப் பரவினால் பின்தொட்டிலின் ஆட்டமும், சாய்வும், ட்ரிக்கர் விரலும்.

இத்தனையும் செய்து கிடைத்த ஜீரோ, அதாவது குறியும் குண்டும் ஒரே இடத்தில் விழும் ஸ்கோப் அமைப்பு, ஸ்லெட்டுக்கான ஜீரோ. குண்டு குழலைத் தாண்டுவதற்குள்ளேயே ரைஃபிள் 2 மி.மீ. பின்னால் நகர்ந்திருக்கும், குழல்வாயும் எழும்பத் தொடங்கியிருக்கும். அந்தத் தொடக்க அசைவு தோளில் ஒரு மாதிரி, ஸ்லெட்டில் வேறு மாதிரி. எந்தப் பக்கம், எவ்வளவு விலகும் என்பது ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். ஆகவே கடைசி மூன்று குண்டுகளை ஸ்லெட்டை ஓரம்வைத்துவிட்டு, முன்னால் மணல்பையில் தாங்கித் தோளில் வைத்துச் சுட்டு, டயலை அதற்கேற்பத் திருத்துங்கள். தோட்டா ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் சுடுகிறீர்கள் என்றால் இந்தப் படி தேவையில்லை.

வீட்டுக்கு எடுத்துப்போகும் முன் ரைஃபிளை வெளிச்சத்தில் திருப்பி, டாங்குக்குப் பின்னாலும் கழுத்தின் இரு பக்கமும் முடி போன்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள், திருகுகளை மறுபடி டார்க் வைத்துச் சோதியுங்கள். கோடு தெரிந்தால் அந்தக் கட்டையைச் சரிசெய்யும்வரை எதிலும் வைத்துச் சுட வேண்டாம்.