வெள்ளி மைக் கோட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்

பிளெக்ஸிபிள் எலக்ட்ரானிக்ஸ், அதாவது வளையும் சர்க்யூட், என்றதும் மடக்கும் போன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சர்க்கரை பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை யாரும் சொல்வதில்லை. பாலியெஸ்டர் பிலிமில் கார்பன் மையையும் வெள்ளி மையையும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இழுத்து, மேலே நொதி பூசி, துண்டு போட்டதுதான் பல ஸ்ட்ரிப்புகள். ஒரு தடவையோடு குப்பைக்குப் போவதால் விற்பனை ஓய்வதே இல்லை. மைக்ரோவேவ் முகப்பிலுள்ள மெம்பிரேன் கீபேடும், கார் சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சாரும் இதே குடும்பம். மாறாக, பிளாஸ்டிக்கில் சோலார் செல் அச்சடித்த அமெரிக்காவின் கொனார்கா நிறுவனம் 2012-ல் திவாலானது. பிளாஸ்டிக் லாஜிக் நிறுவனத்தின் 'கியூ' இ-புக் ரீடர் 2010-ல் கடைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர் இந்தப் பக்கம் வருவதானால் கீபேட் சர்க்யூட்டில் தொடங்கலாம் என்பது என் கருத்து.

முதலில் கணக்கு. சில்வர் பேஸ்டின், அதாவது வெள்ளி மையின், டேட்டா ஷீட்டில், 25 மைக்ரான் கனத்தில் சதுரத்துக்கு 15 மில்லி ஓம் என்பது போல ஓர் எண் இருக்கும். நாம் அச்சடித்துக் காய்ந்த படலம் 10 மைக்ரான்தான் நிற்கும். அப்படியானால் சதுரத்துக்கு 38 மில்லி ஓம். அரை மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் நீளம் உள்ள கோட்டில், நீளத்தை அகலத்தால் வகுத்தால், 200 சதுரம். ஆக ஏழரை ஓம். அதே கோடு சாதாரண சர்க்யூட் போர்டின் (பிசிபி) 35 மைக்ரான் செம்பில் 0.1 ஓம்தான். பட்டனுக்கு ஏழரை ஓம் ஒரு பொருட்டே இல்லை, 20 மில்லி ஆம்பியர் எல்இடிக்கும் ஓடும். மோட்டாரை இதில் ஓட்ட நினைக்காதீர்கள்.

பேஸ்டைக் குளிரில் வைத்திருந்தால், டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே வியர்க்கும். வெள்ளிச் செதில் அடியில் தங்கியிருக்கும். கரண்டியால் மெதுவாகக் கிளறுங்கள். வேகமாக அடித்தால் குமிழி ஏறி, கோட்டில் ஊசித்துளை விழும். ஸ்கிரீன் வலையின் மெஷ், அங்குலத்துக்கு 200 முதல் 325 இழை.

அதிகம் பேர் சறுக்குவது காய வைப்பதில். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக எடுத்துவிடுகிறார்கள். உள்ளே கரைப்பான் மிச்சமிருக்கும்வரை செதில்கள் நெருங்காது, ஓம் கூடுதலாகவே காட்டும், நகத்தால் சுரண்டினால் மை வந்துவிடும். பேஸ்டைப் பொறுத்து 120 முதல் 150 டிகிரியில் 10 நிமிடமாவது தேவை. அந்தச் சூட்டில் பிலிம் சுருங்கும். 400 மில்லிமீட்டர் ஷீட் அரை சதவீதம் சுருங்கினாலே 2 மில்லிமீட்டர் போய்விடும், அடுத்த லேயர் எங்கேயோ உட்காரும். வெற்று ஷீட்டையே அதே சூட்டில் அரை மணி நேரம் போட்டெடுத்து, பிறகு அச்சடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கனெக்டருக்குப் போகும் வால் போன்ற பட்டைதான் டெயில். அதில் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், பிலிம் உருகிவிடும். வெள்ளியும் உருகிய சால்டரில் கரைந்து போகும். கனெக்டரில் செருகலாம், அல்லது கண்டக்டிவ் எபாக்சி வைத்து ஒட்டலாம். டெயிலைக் கத்தி மாதிரி மடிப்பதும் கூடாது. மடிப்பில் செதில்கள் விலகி, சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாத பட்டன் கிடைக்கும். அந்தப் புகாரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு வளைத்துப் பாருங்கள், எண் துள்ளினால் அந்த ஷீட்டை ஒதுக்குங்கள்.

புழுக்கமான இடத்தில் வேறொரு வில்லங்கம் உண்டு: வெள்ளி நகரும். டிசி வோல்ட் நிற்கிற இரண்டு கோடுகளுக்கு நடுவே ஈரம் பட்டால், பாசிட்டிவ் கோட்டிலிருந்து வெள்ளி கரைந்து, எதிர்க்கோட்டில் வேர் மாதிரி முளைத்துத் திரும்பி வரும். யாரும் தொடாமலே பட்டன் அழுந்தியதாகக் காட்டும். அதனால் கோடுகளை யூவி ஒளியில் இறுகும் இன்சுலேஷன் மையால் மூடுவார்கள். திறந்திருக்க வேண்டிய டெயில் நுனியில், வெள்ளியின் விளிம்பும் மறையும்படி சற்று அகலமாகக் கார்பன் மை அடிப்பார்கள். கார்பனைக் கோட்டின் அகலத்துக்கே அடித்தால் ஓரத்தில் வெள்ளி எட்டிப் பார்க்கும். வெள்ளி நகர அந்த ஓரம் போதும்.

சோதிக்க மெஷின் வேண்டாம். மூடாத இரண்டு கோடுகளுக்கு 5 வோல்ட் கொடுத்து, நடுவில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு லென்ஸில் பாருங்கள். சில நிமிடங்களில் நெகட்டிவ் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு கிளை நீளும். பிறகு கார்பன் அடித்த நுனியிலும் அதே சொட்டு. அங்கேயும் கிளை வந்தால் ஸ்கிரீனில் கார்பன் லேயர் விலகியிருக்கிறது.