இன்டர்வியூவுக்கு முன் கையை அளந்துகொள்ளுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கண் மருத்துவமனைகளில் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பவர் பார்ப்பவர்) வேலைக்குப் போகிறவர்கள் முந்தின இரவு புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். சான்றிதழைப் பார்த்து முடித்ததும், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி பவரைக் கணிக்கும் ரெட்டினோஸ்கோப்பைக் கையில் கொடுத்து, வெளியே காத்திருக்கும் ஒருவரை எதிரே உட்காரவைத்துவிட்டால் புத்தகம் உதவாது.

அதிகம் பேர் சறுக்குவது தூரக் கணக்கில். 66 செ.மீ. தள்ளியிருந்து பார்த்தால், கிடைத்த பவரில் 1.50 டயாப்டர் கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கண்புரை உள்ளவரிடம் கண்ணிலிருந்து திரும்பும் ஒளி மங்கலாகத் தெரியும். உங்கள் உடம்பு தானாக முன்னே சாயும். 50 செ.மீ.க்கு வந்தபிறகும் 1.50-ஐயே கழித்தால், மைனஸ் 1.00 உள்ளவருக்கு மைனஸ் 0.50 எழுதுவீர்கள். கிட்டப் போவது தவறில்லை, புரை முற்றியிருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். போனால் 2.00 கழியுங்கள், கழிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் 66 செ.மீ. நூல் ஒன்றைச் சுவரில் ஒட்டி, மறுமுனையை நெற்றியில் வைத்துக் கை எவ்வளவு எட்டுகிறது என்று பழகலாம். இன்னொன்று: உங்கள் தலை அவருடைய மறு கண்ணை மறைத்தால், அவர் பார்க்க வேண்டிய தூரத்து எழுத்தை விட்டு உங்கள் விளக்கைப் பார்ப்பார். சின்ன வயசுக்காரர் என்றால் மைனஸ் கூடிவிடும். அவருடைய வலது கண்ணை உங்கள் வலது கண்ணால் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வயதைக் கேட்டதுமே கிட்டத்தில் பார்ப்பதற்கான பவரை எழுதிவிடாதீர்கள். திருபுவனத்துப் பட்டு நெசவாளர் இழை பார்க்கும் தூரம் வேறு, முறத்தில் கல் பொறுக்கும் அம்மாவின் தூரம் வேறு. "எவ்வளவு தூரத்துல வச்சுப் பாப்பீங்கம்மா, கையால காட்டுங்க" என்று கேட்டு, டேப்பால் அளந்து கொடுப்பவரைத்தான் வேலைக்கு எடுக்கத் தோன்றும்.

வாய்மொழிக் கேள்விகளில் லென்ஸ் பவரை மாற்றி எழுதுவது, பின்ஹோல் (சிறு துளை வழியே பார்க்கவைக்கும் சோதனை) எல்லாம் வழக்கம்போல் வரும். டெல்டாவில் இதற்கும் தயாராக இருங்கள்: சம்பா அறுவடையில் கண்ணில் நெல் சுனை பட்டு, மருந்துக்கடைச் சொட்டு மருந்து போட்டும் சிவப்பு குறையாமல் ஒருவர் வந்தால்? முதலில் பார்வையைக் குறியுங்கள். சொட்டு மருந்துப் பாட்டிலை வாங்கி ஸ்டீராய்டா என்று பாருங்கள். பூஞ்சைத் தொற்று என்றால் ஸ்டீராய்டு புண்ணை மோசமாக்கும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்பில் கருவிழியில் வெள்ளைத் திட்டு, ஓரம் இறகுபோலப் பிரிந்திருந்தால் கண்ணைத் தொட்டு பிரஷர் எடுக்காமல் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். கண்ணாடி பவர் பார்ப்பது புண் ஆறிய பிறகு.