நிறைகுடமும் பதினான்காம் மாடியும்

ஆடி பிறந்தால் கொழும்புத் தமிழருக்கு வேல் விழா நினைவுதான். பம்பலப்பிட்டிப் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காகச் சுருக்கமாக: வாந்திபேதிப் பயத்தில் கதிர்காம யாத்திரைக்கு ஆங்கில அரசு கட்டுப்பாடு போட்ட 1874ஆம் ஆண்டளவில், செட்டியார் தெரு நகரத்தார் நகருக்குள்ளேயே முருகனுக்கு ஒரு பயணம் ஏற்படுத்தினார்கள். வெள்ளித்தேர் கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி தாண்டிப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வரும். ஆறேழு கிலோமீற்றர்தான், வாசலுக்கு வாசல் நிற்பதால் காலையில் புறப்பட்டது வந்துசேர இரவாகிவிடும். 1983 கலவரத்துக்குப் பின் சில ஆண்டுகள் அது தெருவுக்கு வரவே இல்லை.

பாதை பழையதுதான், பக்கத்தில் நிற்பவைதான் வேறு. கோட்டைக்கு மேற்கே கடலாக இருந்த இடத்தில் 269 ஹெக்டேயர் புதுநிலம். பேரை வாவிக் கரையில் ஏறத்தாழ 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம். இவற்றை விட்டுத்தள்ளலாம், உண்மையான மாற்றம் காலி வீதி வாசல்களில்தான். தேரை வரவேற்க வீட்டுக்கு ஒரு நிறைகுடம் இருந்த வரிசையில் இன்று தொடர்மாடிக்கு ஒன்று.

அந்த ஒன்றையாவது ஒழுங்காக வைக்க வேண்டும். மேசையில் வெள்ளைத்துணி, அதன்மேல் தலைவாழை இலை, இலையில் நெல் அல்லது பச்சையரிசி பரப்பி நடுவில் குடம். நீர் கழுத்துவரை போதும். மாவிலை ஐந்து, அதன்மேல் குடுமி மேல்நோக்கிய தேங்காய். வாய் அகன்ற எவர்சில்வர் குடத்தில் தேங்காய் உள்ளே இறங்கிவிடும்; பித்தளைக் குடம் கிடைக்காவிட்டால் பெரிய தேங்காயாகத் தேடி, முதல்நாளே வைத்துப் பார்க்கவும். இரு பக்கமும் குத்துவிளக்கு, முன்னால் மஞ்சள் பிள்ளையார், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், திருநீறு, சந்தனம், குங்குமம்.

தவறு நடப்பது பெரும்பாலும் வாசலின் அமைப்பால். புதுக் கட்டடங்களில் வாசல் என்பது கார் ஏறும், ஓடு பதித்த சரிவு. மேசையின் இரண்டு கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வைக்காவிட்டால் குடம் சாயும். ஆடியில் தென்மேல் பருவக்காற்று கடற்பக்க ஒழுங்கைகளால் புகுந்து, இரண்டு கட்டடங்களுக்கு இடையில் நெருங்கி இன்னும் வேகமாகப் பாயும். பரப்பிய அரிசி பறக்கும், விளக்கு அணையும். ஐந்து முகமும் ஏற்றப் பாடுபடாமல், இரண்டு திரியைச் சேர்த்து முறுக்கி ஒரு முகம் ஏற்றினால் நின்று எரியும்.

அடுத்த தொல்லை லிப்ட். கொள்ளுப்பிட்டிப் பக்கம் மேளம் கேட்டதும் எல்லா மாடியிலும் பொத்தானை அமுக்குவார்கள். பதினான்காம் மாடிக்காரர் கீழே வரும்போது தேர் அடுத்த வாசலில் நிற்கும். அரை மணி முன்னதாகவே தட்டோடு இறங்கிவிடுவது நல்லது. கற்பூரத்தை உள்ளே கொளுத்தவே கூடாது: கூரையிலுள்ள ஸ்மோக் அலாரம் அலறும், பிறகு செக்கியூரிட்டிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் தேர் போய்விடும். கேற்றுக்கு வெளியே, ஆழமான தட்டில் ஏற்றுங்கள்.

அர்ச்சனைக்கு ஐம்பது குடும்பத்தின் பெயரும் நட்சத்திரமும் சொல்ல ஐயருக்கு நேரமில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் முதல் நாலைந்தை வாசித்து, 'சகுடும்பானாம்' என்று மிச்சப்பேரை அடக்கிவிடுவார். அந்த நாலைந்தில் யார் வருவது என்பதில்தான் முகாமைக் குழுவில் சண்டை வரும். தாளை மாடி வரிசையில் எழுதாமல், போன வருடம் கடைசியில் இருந்தவரை மேலே எழுதுவது சில கட்டடங்களில் கண்ட வழி.

சிதறு தேங்காய்க்குத் தும்பை முழுக்க உரியுங்கள். தும்போடு எறிந்தால் தார் வீதியில் உடையாமல் துள்ளி, நிற்பவர் காலில் படும். உடைந்த சிரட்டையைத் தேர் நகர்ந்ததும் ஓரம் தள்ளுங்கள். பின்னால் ஓட்டோக்கள் காத்திருக்கும்.

விடுமுறையில் வருபவர்களுக்கு ஒன்று. வேல் சில நாள் பம்பலப்பிட்டியில் தங்கிச் செட்டியார் தெருவுக்குத் திரும்பும். திரும்பும்போது கூட்டம் குறைவு. தட்டுக் கொடுத்துக் காளாஞ்சி (அர்ச்சனைப் பிரசாதம்) வாங்க அதுவே வசதி.