ஓடை எங்கே போகிறது என்று கேளுங்கள்

இலங்கையின் தெற்கே, சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்திலுள்ள தெனியாய நகரிலிருந்து மெதெரிப்பிட்டிய போகும் பாதையில் பச்சை நிறப் பலகைகளுக்குக் குறைவில்லை. இகோ லொட்ஜ், ரெயின்ஃபொரெஸ்ட் ரிட்ரீட், நேச்சர் சென்டர் என்று வளைவுக்கு ஒன்று நிற்கும். மூங்கில் கதிரை, ஓலைக் கூரை, மண் கோப்பையில் தேத்தண்ணீர், எல்லாம் அழகுதான். ஆனால் இவற்றில் எது உண்மையிலேயே காட்டுக்குப் பாரமில்லாமல் நடக்கிறது என்பதை முகப்பில் நின்று கண்டுபிடிக்க முடியாது. குசினிக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது? பாவித்த தண்ணீர் எங்கே போகிறது? அதற்குக் கீழே அந்த ஓடையில் யார் குளிக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிற முகாமையாளர் கிடைத்தால் பையை இறக்கி வைக்கலாம்.

கீழே யாராவது இருக்கத்தான் செய்வார்கள். இது மலையகத்தின் தென் ஓரம். கொங்கல மலையில் பிறக்கும் ஜின் கங்கை இந்தப் பள்ளத்தாக்குகளின் ஓடைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு காலிப் பக்கம் கடலுக்குப் போகிறது. மேலே சிங்கராஜ வனம், நடுவில் விடுதிகளும் சிறு தேயிலைக் காணிகளும், அதற்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். விடுதியின் கழிவுக் குழாய் எந்தப் பக்கம் வாய் வைத்திருக்கிறது என்பது லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தெரிந்துவிடும்.

காட்டின் கதை சுருக்கமாக. 1972இல் ஒட்டுப்பலகை ஆலைக்காக இயந்திரங்களைக் கொண்டு இங்கே மரம் தறிக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வலுத்து 1977இல் அது நின்றது. அடுத்த வருடம் உயிர்க்கோள ஒதுக்கிடம், 1988இல் உலக மரபுரிமைத் தலம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக அனுமதியில்லை. வாயிலில் வனத் திணைக்களத்திடம் சீட்டு எடுக்கும்போதே வழிகாட்டியும் சேர்ந்து வருவார்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் காலி, அக்குரஸ்ஸை வழியாகவும், இரத்தினபுரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ரக்வானை, சூரியகந்தை வழியாகவும் தெனியாயவை அடையலாம். இரண்டாவது வழியில் வளைவு அதிகம், காட்சியும் அதிகம், வாந்தியும் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரையும், ஓகஸ்ட் மாதத்தை ஒட்டியும் மழை சற்றுக் குறைவு. குறைவு என்றால் மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் பெய்யும் என்று அர்த்தம். மே, ஜூன் மாதங்களில் மண்சரிவு அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் வெளிக்கிட வேண்டாம். 2017 மே மாதம் இந்தப் பகுதியில் நடந்த மண்சரிவுகளை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸுக்கு 1990.

இனித் தண்ணீர். பெரும்பாலான விடுதிகள் மேலே ஓடையில் ஒரு கறுப்புக் குழாயைப் போட்டுவிட்டு இருபத்துநாலு மணி நேரமும் திறந்து விட்டிருப்பார்கள். தாங்கி நிரம்பி வழிந்து தேயிலைக்குள் போகும். மழைக்காலத்தில் யாருக்கும் நட்டமில்லை. பெப்ரவரியில் ஓடை நூலாக மெலியும்போது, அதே குழாய் லயத்துக்குப் போகும் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஒழுங்கான இடத்தில் தாங்கிக்கு மிதவை வால்வு இருக்கும். வழிகிற தண்ணீர் ஒரு குழாயில் ஓடைக்கே திரும்பும்.

அதைவிட ஒழுங்கான இடத்தில் கூரைத் தண்ணீர் பிடிப்பார்கள். கணக்கு எளிது. 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர். சிதறல், கசிவு போக 800 லீற்றர் கையில் நிற்கும். வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற இந்தப் பகுதியில், குளியலுக்கும் கழிப்பறைக்கும் ஓடையைத் தொட வேண்டிய நாட்கள் சொற்பம். பிழைப்பது இங்கேதான்: வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை, கூரையிலிருக்கும் இலைச் சருகையும் மரநாயின் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அந்த முதல் 100 லீற்றரைத் தனிக் குழாயில் திருப்பி வெளியே விட வேண்டும். கூரைப் பீலிக்கு அடியில் மூடியோடு ஒரு நெட்டைக் குழாய் தொங்கினால், அந்த வேலையைத் தெரிந்தவர் செய்திருக்கிறார் என்று பொருள். மூடியை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திறந்து விடுகிறார்களா என்பது வேறு கேள்வி.

கழிவுநீரில்தான் வேஷம் கலையும். இந்த மலையில் சில அடிகளிலேயே பாறை தட்டும். ஊறல் குழி தோண்டியவர் அதற்கு மேல் தோண்ட முடியாமல் விட்டிருப்பார். ஒரு வாரம் தொடர்ந்து பெய்தால் மண் குடிக்க மறுக்கும், குழி நிரம்பும், வாடை மேலே வரும். குழி ஓடையிலிருந்து குறைந்தது 30 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். கழிப்பறைக்குள் நீலத் திரவமும் குளோரினும் தாராளமாக ஊற்றுகிற விடுதி, குழிக்குள் மலத்தைச் செரிக்கிற பக்டீரியாவையும் சேர்த்தே கொல்கிறது. பளபளக்கும் கழிப்பறையைப் பார்த்துப் புள்ளி போடாதீர்கள்.

குசினித் தண்ணீர் தனி வழி. முதலில் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி. அதில் கொதிநீரை ஊற்றினால் கொழுப்பு உருகித் தப்பிப் போய்க் குழாயின் நடுவழியில் உறையும். பிறகு குழாயைத்தான் தோண்ட வேண்டும். தொட்டியை வாரத்துக்கு ஒரு தடவை அள்ள வேண்டும். அதைத் தாண்டி சரளைக்கல் நிரப்பிய பாத்தி, சுமார் 60 சென்டிமீற்றர் ஆழம், ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீற்றர், மேலே கல்வாழை. கல்லின் மேல் தண்ணீர் தேங்கி நின்றால் பாத்தி அடைத்துக்கொண்டது. பெரும்பாலும் காரணம் மேட்டு மண்: பாத்தியைச் சுற்றி வரப்புக் கட்டாததால் மழைவெள்ளம் சேற்றைக் கொண்டுவந்து கல்லிடுக்கை மூடிவிடும். கல்வாழை மட்டும் செழித்துப் பூத்திருக்கும், படமெடுக்க நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஓடையையே கேட்கலாம். விடுதிக்கு இருபது முப்பது காலடி மேலே ஒரு கல்லைத் தூக்குங்கள்; கீழே அதே தூரத்தில் இன்னொன்றைத் தூக்குங்கள். ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் பெட்டியில் கொஞ்சம் ஓடைத் தண்ணீர் எடுத்து, கல்லின் அடியைப் பழைய தூரிகையால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். வாலில் மூன்று மயிரிழையும் வயிற்றின் இரு பக்கமும் துடிக்கிற செவுளும் கொண்ட குட்டிப் பூச்சிகள் ஓடினால், மணலை ஒட்டித் தனக்குக் கூடு கட்டிய புழுக்கள் இருந்தால், அது ஒட்சிசன் நிறைந்த சுத்தமான தண்ணீர். கீழ்க்கல்லில் அவை காணாமல்போய்ச் சாம்பல் நிறப் பிசுபிசுப்பும் இரத்தச் சிவப்புப் புழுக்களும் மட்டும் இருந்தால், நடுவில் இருப்பது யார் என்று தெரிந்ததுதானே. பெட்டியை அதே இடத்தில் கவிழ்த்து, கல்லைத் தூக்கிய பக்கமாகவே திருப்பி வைக்க வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, இயற்கைக் கல்வி நிலையத்தின் கண்ணாடிப் பெட்டிகளைவிட இந்த அரை மணி நேரம் மேல்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஈரவலயக் கிராமங்களில் சின்ன ஓடையில் சக்கரம் சுற்றி வெளிச்சம் எடுப்பது பழகிய வேலை. நொடிக்கு 10 லீற்றர் தண்ணீர் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் கணக்குப்படி சுமார் 2,000 வாட். குழாயிலும் இயந்திரத்திலும் பாதி போய்விடும். மிச்சம் ஒரு கிலோவாட். விளக்குகளுக்கும் தொலைபேசிக்கும் தாராளம். ஒரு மின்சாரக் கேத்தலுக்கே அது காணாது. ஆகவே முழுதும் ஓடை மின்சாரத்தில் நடக்கிறோம் என்று சொல்லி அறைக்கு அறை சுடுநீர் தருகிற விடுதியில், எரிவாயு சிலிண்டர் எங்கே, விறகு எங்கே என்று தேடிப்பாருங்கள். கடும் மழை இரவில் விளக்கு அணைந்தால் கோபிக்க வேண்டாம். மேலே வடிதட்டில் இலை அடைத்திருக்கும். விடிந்ததும் ஒருவர் ஏறிப்போய்க் கையால் அள்ளிவிட்டு வருவார்.

காட்டுக்குள் நுழையுமுன் சப்பாத்தின் அடியைத் தூரிகையால் தேய்த்து விடுங்கள். கட்டக்களு போவிட்டிய என்று சிங்களத்தில் சொல்லும் மயிர் படர்ந்த செடியின் விதை கடுகைவிடச் சிறியது. பாதையோரமெல்லாம் அது பிடித்துக்கொண்டதற்குப் பறவைகளும் காரணம், நம் கால்களும் காரணம்.

அட்டைக்கு நீளத் துணிக் காலுறை போதும், காற்சட்டையை அதற்குள் செருகிக்கொள்ள வேண்டும். வெளியே ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துக் காயவிட்டால் ஏறாது. மழையில் கரைந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும், ஓடைக்குள் இறங்குமுன் கழற்றிவிட வேண்டும். உப்புப் பொட்டலம் வேண்டாம். கடித்துக்கொண்டிருக்கிற அட்டைமேல் உப்பு வைத்தால் அது குடித்ததைக் காயத்துக்குள் கக்கும். சிந்திய உப்பு நத்தைக்கும் தவளைக்கும் கேடு. மெல்லிய முனைதான் வாய். அங்கே நகத்தைப் படுக்க வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் நெடுநேரம் கசியும், அழுத்திப் பிடியுங்கள். அந்தக் கடிவாயோடு தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது. இது எலிக்காய்ச்சல் இருக்கிற பிரதேசம்.

பறவை பார்க்க வருகிறவர்கள் அரை மணி நேரம் ஒன்றையும் காணாமல் நடந்து அலுத்துப்போவார்கள். பிறகு மரமெல்லாம் ஒரே நேரத்தில் அசையும். சிங்கராஜ வனத்தின் கலப்புக் கூட்டங்கள் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டவை: ஒரு கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இனங்கள், சராசரியாக 40 பறவைகள். நடுவில் கலகலவென்று கத்திக்கொண்டு செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள், மேலே காவலாக கொண்டைக் கரிச்சான். கரிச்சான் மற்றப் பறவைகளின் அபாயக் குரலையும் நடித்துக் காட்டும். கூட்டத்தைக் கண்டதும் பின்னால் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்றால் அது உங்களைக் கடந்து போகும்.

இரவு நடை விடுதியின் ஓரப் பாதையோடு நிற்க வேண்டும். இங்குள்ள புதர்த்தவளைகள் பலவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது. தாய் சருகுக்கடியில் சின்னக் குழி பறித்து முட்டையிட்டு மண்ணை மூடிவிடும். முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளை வரும். பாதையை விட்டு இரண்டு எட்டு வைத்தாலும் எதன்மேல் மிதிக்கிறோம் என்று தெரியாது. அதே சருகில் குனகட்டுவா என்கிற கூர்மூக்கு விரியனும் சுருண்டு கிடக்கும். நம் வைத்தியசாலைகளில் இருக்கிற பாம்பு விஷமுறி மருந்து இதன் கடிக்கு வேலை செய்யாது. டோர்ச் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போகாதீர்கள்.

2001இல் இந்தக் காட்டில்தான் செரண்டிப் ஆந்தை என்கிற, காதுத் தூவி இல்லாத செம்பழுப்புச் சிற்றாந்தையை முதன்முதலாகக் கண்டார்கள். அதைக் காட்டித் தருகிறேன் என்று கைப்பேசியில் குரலை ஒலிக்கவிடும் வழிகாட்டிக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து இரை தேடும் நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும் ஆந்தைக்கு அன்று இராச்சாப்பாடு இல்லை.

நேரமிருந்தால் மறுபக்கம், குடாவை வாயில் பக்கமும் போய்ப் பாருங்கள். வனத்தைச் சுற்றி வேலிபோல நட்ட கரிபியன் பைன் தோப்புகளில், சில வரிசைகளை வெட்டி இடைவெளியில் உள்ளூர்க் காட்டு மரக் கன்றுகளை வளர்த்துப் பார்த்த சோதனைகள் அங்கே நடந்தன. மூடிய பைன் நிழலில் கன்றுகள் ஏங்கிப்போயின. மூன்று வரிசை எடுத்த இடத்தில் நன்றாக எழும்பின. முழுதாக வெட்டித் தள்ளாமல் பைனையே செவிலியாக வைத்துக்கொண்ட யோசனை. காடு வளர்ப்பைப் பற்றி எந்தப் பலகையும் இவ்வளவு சொல்லாது.

சாப்பாட்டில் பலாக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும் நிச்சயம். கித்துள் பாணி வாங்குவதானால் பூ சீவுகிற வீட்டிலேயே வாங்குங்கள், சொந்தப் போத்தல் கொண்டுபோய். கடையில் விற்பதில் சீனிப்பாகு கலப்பதுண்டு.

கடைசியாகக் கல்வி நிலையத்தின் சுவரைப் பாருங்கள். விளக்கப் பலகைகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் இருக்கிற இடம் நிறைய. ஓடையின் கீழ்க்கரையிலிருக்கும் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் ஒன்றும் சொல்வதில்லை. விருந்தினர் புத்தகத்தை நீட்டும்போது அதை எழுதுங்கள், தமிழிலேயே. என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல அவர்கள் லயத்திலிருந்து யாரையாவது கூப்பிட வேண்டி வரும்.