சிவப்பு பேனருக்குக் கீழே ஐந்து நாள்

சிங்கப்பூரில் அக்கா வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். புளோக்கின் கீழே, லிப்டுக்குப் போகும் வழியில் சிவப்பு பேனர் ஒன்று கட்டியிருந்தது. டெங்கி எச்சரிக்கை (அங்கே ‘டெங்கு’ இல்லை, ‘டெங்கி’). பக்கத்துப் பக்கத்தில் 10 பேருக்கோ அதற்கு மேலோ வந்திருந்தால் சிவப்பு, அதற்குக் குறைவென்றால் மஞ்சள். தினமும் அதைத் தாண்டித்தான் போனேன். ராத்திரி மட்டும் ஒழுங்காக ஓடோமாஸ் தடவிக்கொண்டு படுத்தேன். ஏடிஸ் கொசு கடிப்பதோ பகலில், அதிலும் காலையிலும் சாயங்காலமும். அந்த நேரத்தில் நான் அரை டிராயரோடு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மதுரை திரும்பிய நாலாம் நாள் காய்ச்சல். கண்ணை உருட்டினால் உள்ளே குத்தியது. தெருமுனை கிளினிக்கில் வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். வெளியூர் போனதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் பார்த்த டாக்டர் எடுத்ததுமே கேட்டார்: “எங்கயாவது போய்ட்டு வந்தீங்களா?” தேதியைச் சொன்னதும் விரல் விட்டு எண்ணினார். கொசு கடித்துப் பெரும்பாலும் 4 முதல் 10 நாளில் காய்ச்சல் தொடங்குமாம். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 ரத்த டெஸ்ட் பாசிட்டிவ். ஊசி விஷயம் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டைக்ளோபினாக், புரூபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் மட்டும்தான். அப்புறம், “பகல்லயும் வலைக்குள்ள படுங்க. உங்களைக் கடிச்ச கொசு நாளைப்பின்ன அம்மாவைக் கடிச்சா அவங்களுக்கும் வரும்.”

காய்ச்சல் தொடங்கிய ஐந்தாம் நாள் அது விட்டது. அம்மா ரசம் சாதம் பிசைந்து வைத்து, குலதெய்வத்துக்குக் காசு முடிந்தார். டாக்டர் அன்றைக்குத்தான் அட்மிட் ஆகச் சொன்னார். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியுமாம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். தட்டணு (பிளேட்லெட்) 62 ஆயிரம். சொந்தக்காரர்கள் பப்பாளி இலைச் சாற்றோடு வந்தார்கள்; ஒரு மடக்கு குடித்தேன், அப்படி ஒரு கசப்பு. டாக்டருக்குத் தட்டணுவைவிட நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறதா என்பதில்தான் கண். எத்தனை டம்ளர் குடித்தேன், எத்தனை முறை சிறுநீர் போனேன் என்று அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி போட்டு எழுதினார்.

டெங்குவில் நாலு வகை. அடுத்த முறை வேறு வகை வந்தால் இதைவிட மோசமாகலாமாம். வீடு திரும்பியதும் அக்காவுக்கு போன் போட்டேன். “அந்த சிவப்பு பேனர் இன்னும் இருக்காக்கா?”

“எந்த பேனர்டா?”