தொடக்கத் தரவை ஏற்றியபின் வந்த பிழை

சென்ற வாரம் சீக்வலைஸ் (நிரலிலிருந்து தரவுத்தளத்தைக் கையாள உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வழியாகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 50 பயனர்களின் தொடக்கத் தரவை ஏற்றினேன். ஸ்கிரிப்ட் எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்தது. ஆனால் பதிவுப் படிவத்தில் முதல் புதிய பயனரைச் சேர்த்தவுடன் பிழை வந்தது.

சீக்வலைஸ் ‘வேலிடேஷன் எரர்’ என்று மட்டுமே காட்டியதால், மின்னஞ்சல்தான் இரட்டிக்கிறது என்று எண்ணி அரை நாளை அதிலேயே செலவிட்டேன். தரவுத்தளம் தந்த மூலப் பிழை இருக்கும் ‘பேரன்ட்’ பகுதியைத் திறந்து பார்த்தபோதுதான் தனித்திருக்க வேண்டிய மதிப்பு இரட்டிப்பதைக் குறிக்கும் 23505 என்ற குறியீடும், ஐடி 1 ஏற்கெனவே இருக்கிறது என்ற ‘டீட்டெயில்’ வரியும் கண்ணில் பட்டன. மறுபடி முயன்றேன், இம்முறை ஐடி 2 மோதியது. அந்த எண் நகர்ந்ததுதான் எனக்கு வழி காட்டியது.

தொடக்கத் தரவில் ஐடிகளை நானே எழுதியிருந்தேன். அவ்வாறு கொடுக்கும்போது போஸ்ட்கிரெஸ் தன் சீக்வென்ஸை, அதாவது அடுத்த ஐடியைத் தரும் எண்ணியை, தொடுவதில்லை. ஆகவே அது 1-இலிருந்தே எண்ணத் தொடங்கியது. செருகல் தோற்றாலும் எடுத்த எண் திரும்பாது என்பதால், 51ஆவது முயற்சியில் பிழை தானாகவே மறைந்திருக்கும், காரணமும் அதோடு புதைந்திருக்கும்.

ஸ்கிரிப்டின் இறுதியில் ‘செட்வால்’ என்ற போஸ்ட்கிரெஸ் செயற்கூற்றின் மூலம் சீக்வென்ஸை அட்டவணையின் மிகப்பெரிய ஐடிக்கு நகர்த்தினேன். ஐடியை எழுதாமல் விட்டு, உருவான பதிவு திருப்பித் தரும் ஐடியைக் கொண்டே பிற அட்டவணைகளை இணைப்பதுதான் இதைவிடச் சிறந்தது என்று கருதுகிறேன். ஆர்டர்களுக்கான தரவை அப்படியே மாற்றி எழுதிவிட்டேன்.